ஓட்டை போடாத முகம்

பூங்கோதையிடம் வெள்ளியங்கிரி சீடராகச் சேர்ந்தபோது குருவுக்கு முப்பத்தாறு வயது. சீடருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. குரு சீடரை ‘அண்ணா’ என்று கூப்பிட்டார். சீடர் குருவை ‘அம்மிணி’ என்று கூப்பிட்டார். கோயமுத்தூர்ப் பக்கம் இதில் யாரும் குற்றம் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

குருவின் இருப்பிடம் முப்பது மாடிக்கு மேலே இருந்த ஒரு கண்ணாடிப் பெட்டி. டவர் கிரேனின் கேபின். உள்ளே ஒருவர் உட்காரலாம். இன்னொருவர் நின்றபடி பாடம் கேட்கலாம். ஏணியில் ஏறி வருவதற்குள் சீடரின் முட்டி இரண்டும் கெஞ்சிவிடும். அதனால் வீண் கேள்விகள் எல்லாம் வழியிலேயே உதிர்ந்து, தேவையான கேள்வி மட்டும்தான் மேலே வந்து சேரும் என்று பூங்கோதை சொல்வார்.

வெள்ளியங்கிரி இருபது வருஷம் ஹைட்ரா ஓட்டியவர். ஹைட்ரா என்பது சக்கரத்தில் ஊர்ந்து போகும் சின்ன கிரேன். தெருவில் பார்த்திருப்பீர்கள். தொங்கும் இரும்பை ஒரு ஆள் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, அது பின்னாலேயே போகும். அந்த வேலையில் காற்று ஒரு பொருட்டே இல்லை. வியர்வை காய்கிற அளவுக்கு அடித்தால் சந்தோஷம்.

முதல் வாரம் அவர் கேட்டார்.

“காத்து எவ்வளவு அடிச்சா கிரேனை நிறுத்தோணுங் அம்மிணி?”

கேபினிலேயே காற்று மீட்டர் இருந்தது. அளவு மீறினால் மணி அடிக்கும். பூங்கோதை மீட்டரைக் காட்டவில்லை. அவரைக் கட்டடத்தின் மேல் தளத்துக்குக் கூட்டிப்போய், விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி நிறுத்தி, காங்கிரீட்டுக்கு அடைப்புக் கட்டும் அகலமான ஒரு சென்ட்ரிங் பலகையைக் கையில் கொடுத்தார்.

“காத்துக்குக் குறுக்கால புடிங்ணா.”

வெள்ளியங்கிரி பிடித்தார். பலகை அவரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் மணல் குவியலில் உட்கார வைத்தது.

“மீட்டர்ல இப்ப எவ்வளவு இருக்கும்?”

“மீட்டரை யாருங்க பார்த்தா? பலகையைப் புடிக்கறதே பெரும்பாடா இருக்குது.”

“பலகை தூக்கற அன்னிக்கு இந்தக் காத்துக்கே நிறுத்திறோணும்.”

“மணி இன்னும் அடிக்கலீங்களே?”

“மணி கம்பிக் கட்டுக்கு அடிக்கும். பலகைக்கு நாமதான் அடிச்சுக்கோணும்.”

சீடர் மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார். அன்றைக்கு அவருக்கு அது அவமானமாக இல்லை, சிரிப்பாகத்தான் இருந்தது.

இன்னொரு நாள் மதியம் காற்று எகிறியது. பூங்கோதை லோடைக் கீழே இறக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். வாக்கி டாக்கியில் சைட் என்ஜினியர் ஜெயசீலன் கத்தினார்.

“ஒரே ஒரு லோடுதான் மேடம்! தூக்கிக் குடுத்துருங்க. காங்கிரீட் ஆளுங்க சும்மா நிக்கறாங்க!”

பூங்கோதை ஜன்னலை லேசாகத் திறந்து வாக்கி டாக்கியை வெளியே நீட்டி, பேசும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டார். காற்று தன் பங்குக்குப் பேசித் தீர்த்தது. திரும்ப உள்ளே இழுத்தபோது என்ஜினியரின் குரல் இறங்கியிருந்தது.

“சரி, சரி. நாளைக்குப் பார்த்துக்கலாம்.”

வெள்ளியங்கிரி அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் இதையே சாப்பிடும்போதும், சாப்பிட்ட பிறகும் சொன்னார். தன் குரு எப்பேர்ப்பட்டவர் என்பது ஊருக்குத் தெரியவில்லையே என்று அவருக்கு மனத்தாங்கலாக இருந்தது.

ஒரு விஷயம் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. வேலை முடிந்ததும் பூங்கோதை கொக்கியை மேலே ஏற்றிக் கிட்டத்தில் இழுத்து வைப்பார். பிறகு, கிரேன் சுற்றாமல் பிடித்து நிறுத்துகிற பிரேக்கை அவிழ்த்துவிட்டு இறங்கிப் போய்விடுவார். பூம் என்கிற அந்த நீண்ட இரும்புக் கை, விடிய விடிய அதன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொண்டு கிடக்கும். வெள்ளியங்கிரியோ ஹைட்ராவை நிறுத்தினால் ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல்லும் கொடுத்து, கொஞ்ச தூரம் போய்த் திரும்பியும் பார்ப்பவர்.

“நிறுத்துன வண்டியை பிரேக் இல்லாம உட்டுப்போட்டுப் போறதுக்கு மனசு வருதுங்களா?”

“ஒரு சந்துல போறீங்க. எதுத்தாப்புல எருமை ஓடி வருது. என்ன பண்ணுவீங்ணா?”

“சுவத்தோட சுவரா ஒட்டிக்குவேனுங்.”

“கையை ரெண்டு பக்கமும் விரிச்சுக்கிட்டுக் குறுக்கால நின்னா என்ன?”

“எனக்கென்னங்க, கிறுக்கா புடிச்சிருக்குது?”

“கிரேனுக்கும் கிறுக்கு இல்லீங்ணா. உட்டா அதுவே ஒதுங்கிக்கும். நாம கட்டிப் போட்டாத்தான் குறுக்கால நிக்கும்.”

சீடர் தலையாட்டினார். புரிந்தும் இருந்தது. ஆனால் இருபது வருஷப் பழக்கம், கை மட்டும் பிரேக்கையே தேடியது.

ஆடி பிறந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று வரத் தொடங்கியது. அதற்குள் வெள்ளியங்கிரி கம்பிக் கட்டைக் கண்ணாடிப் பாத்திரம் போல இறக்கி வைக்கப் பழகியிருந்தார். ஒருநாள் வெற்றிலை பாக்கு, பழம், ஒரு புடவை எல்லாம் தட்டில் வைத்துக் குருவிடம் நீட்டினார்.

“இதெல்லாம் வேண்டாங்ணா. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாம இந்தக் கட்டடம் முடிஞ்சாப் போதும்.”

பழத்தை மட்டும் இருவரும் உரித்துச் சாப்பிட்டார்கள். தட்டு வீட்டுக்குத் திரும்பியது. வெள்ளியங்கிரிக்கு மனசு ஆறவில்லை. வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க முடியாத காணிக்கையாக ஒன்று செய்ய வேண்டும் என்று யோசித்துக்கொண்டே இருந்தார்.

நம் ஊரில் அன்பு பொங்கிவிட்டால் அது பிளெக்ஸாகத்தான் வெளியே வரும். காது குத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் ஆள் உயரத்துக்கு முகம் இருந்தால்தான் பாசம் என்று பெயர். வெள்ளியங்கிரியும் பிளெக்ஸ் கடைக்குப் போனார். தன் போனில் எடுத்து வைத்திருந்த ஒரு படத்தைக் கொடுத்தார். மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு கேபினில் பூங்கோதை சிரிக்கிற படம். பக்கத்தில் ‘வானத்தில் ஒரு வீரமங்கை, எங்கள் கிரேன் மாஸ்டர் பூங்கோதை அவர்களை வாழ்த்தி வணங்கும் அன்பு நெஞ்சங்கள்’ என்று எழுதச் சொன்னார். தன் பெயரைப் போட வேண்டாம் என்றார். அந்த அடக்கத்தை நினைத்துக் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டார்.

“எங்கீங்க கட்டப் போறீங்க?” என்றார் கடைக்காரர்.

“நல்ல உசரத்துல.”

“அப்ப அங்கங்க ஓட்டை போட்டுக்குங்க. காத்து பூந்து போகோணும். இல்லீன்னா இழுத்துக்கிட்டுப் போயிரும்.”

வெள்ளியங்கிரி பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வானத்தில் ஓட்டை போட்டார். வீரமங்கையில் போட்டார். அன்பு நெஞ்சங்களில் நெஞ்சுக்கு ஒன்றாகப் போட்டார். முகத்துக்கு வந்தபோது பிளேடு நின்றுவிட்டது. குருவின் முகத்தில் எப்படிக் கத்தி வைப்பது? பிளெக்ஸில் பாதி அந்த முகம்தான். அதை அப்படியே விட்டுவிட்டார்.

சனிக்கிழமை பூங்கோதைக்கு சூலூரில் அக்கா வீட்டு விசேஷம். மதியமே கிளம்பினார்.

“இன்னிக்கு நீங்களே மூடிட்டு இறங்கிருங்ணா. என்ன என்ன பண்ணோணும்னு தெரியுமில்ல?”

“தெரியுங் அம்மிணி.”

முதல் முறையாக கிரேனைத் தன் கையில் ஒப்படைத்துவிட்டுப் போகிறார் என்று வெள்ளியங்கிரிக்குப் பெருமை தாங்கவில்லை. நாள் அமைந்துவிட்டது என்று முடிவு பண்ணினார். வேலை முடிந்ததும், ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த, லோடைக் கொக்கியில் மாட்டிவிடுகிற ரிக்கர் ஒருவரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு பூமில் நடந்து போய், அதன் பக்கவாட்டில் பிளெக்ஸை இறுக்கிக் கட்டினார். ரிக்கர் அப்படியே ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

சாலை கட்டடத்துக்குக் கிழக்கே இருந்தது. பூமை வடக்கே திருப்பி நிறுத்தினால் முகம் சாலையைப் பார்க்கும். நிறுத்தினார். கீழே வந்து பார்த்தார். கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது. மறுபடி ஏறிப் போய் பிரேக்கை அவிழ்த்துவிட்டார்.

மேல்காற்றில் பூம் மெல்லக் கிழக்கே திரும்பியது. குருவின் முகம் தெற்கே திரும்பி, பக்கத்துக் காலியிடத்தின் குப்பைமேட்டைப் பார்த்துச் சிரித்தது.

வெள்ளியங்கிரி சிறிது நேரம் நின்று யோசித்தார். நாளைக்கு ஞாயிறு, வேலை இல்லை. திங்கட்கிழமை காலையில் அம்மிணி வேலைக்கு வரும்போது சாலையிலிருந்து பார்ப்பார். பார்த்த உடனே அவிழ்த்துவிட்டால் ஆயிற்று. அதற்குள் என்ன குடி முழுகிப் போய்விடும்?

பூமைத் திரும்ப வடக்கே கொண்டுவந்தார். பிரேக்கைப் பூட்டினார். பூம் நின்ற இடத்துக்கு நேர் கீழே வேலையாட்களின் தகரக் கொட்டகைகள் வரிசையாக இருந்தன. அவை எப்போதும் அங்கேதான் இருந்தன. அன்றைக்கு அவர் கண்ணுக்குச் சாலை மட்டும்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை உச்சிவேளைக்குக் காற்று பிடித்துக்கொண்டது. வாட்ச்மேன் என்ஜினியருக்குப் போன் போட்டார். என்ஜினியர் பூங்கோதைக்குப் போட்டார். பூங்கோதை வெள்ளியங்கிரிக்குப் போட்டார்.

“கிரேன் கத்துதாம். வாங்ணா.”

அவ்வளவுதான் சொன்னார். வெள்ளியங்கிரி சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

தூரத்திலிருந்தே தெரிந்தது. அந்தச் சாலையில் இன்னும் சில கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்தன. அவற்றின் கிரேன்கள் எல்லாம் காற்றுக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே பார்த்து நின்றன. இவர்களுடையது மட்டும் காற்றுக்குக் குறுக்கே கையை நீட்டிக்கொண்டு நின்றது. பிளெக்ஸில் எழுத்து இருந்த பகுதி படபடவென்று அடித்துக்கொண்டது. முகம் இருந்த பகுதி மட்டும் காற்று போக வழியில்லாமல் உப்பிப் போயிருந்தது. காற்று ஒவ்வொரு முறை ஏறும்போதும் கிரேனைத் தாங்கும் கம்பத்தின் அடியிலிருந்து இரும்பு முனகும் சத்தம் வந்தது.

பூங்கோதை கொட்டகை கொட்டகையாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

“எல்லாரும் வெளிய வாங்க! சாமானை எடுக்காதீங்க, புள்ளைங்களை எடுங்க!”

வெள்ளியங்கிரி மூச்சு வாங்க அவர் முன்னால் போய் நின்றார்.

“பூட்டிக் கெடக்குதுங் அம்மிணி. நான் ஏறி அவுத்துட்டு வந்தர்றேன்.”

“ஏறக் கூடாது.”

“ஒரே நிமிஷங்க.”

“இந்தக் காத்துல ஏணியில ஆள் ஏறக் கூடாது. நீங்க ஏறுனா நான் கிரேனைப் பார்ப்பேனா, உங்களைப் பார்ப்பேனா? அந்தக் கடைசிக் கொட்டகையில நடக்க முடியாத பெரியவர் ஒருத்தர் இருக்காரு. போய்த் தூக்கிட்டு வாங்க.”

வெள்ளியங்கிரி போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தப் பெரியவர் அவர் தோளில் சாய்ந்துகொண்டு, “நல்லா இருப்பீங்க சாமி” என்றார்.

எல்லாரும் சாலைக்கு அந்தப் பக்கம், கிரேன் விழுந்தாலும் எட்டாத தூரத்தில் போய் நின்றார்கள். தர்மபுரிப் பக்கத்துக் குடும்பங்கள். பாதிச் சோறு வெந்திருந்த அடுப்பை அணைத்துவிட்டு வந்திருந்தார்கள். ஈரத் தலையோடு ஒரு பெண், சோப்பு நுரை காயாத ஒரு குழந்தை, ஒரு காலில் மட்டும் செருப்போடு ஒருவர். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவர்களுக்கு ஓய்வு.

என்ஜினியர் ஜெயசீலன் காரை நிறுத்திவிட்டு வந்தார். மேலே பார்த்தார். பிளெக்ஸைப் படித்தார். முகம் சிவந்துவிட்டது.

“பிரேக்கைப் பூட்டினது யாரு?”

வெள்ளியங்கிரி வாயைத் திறந்தார். இத்தனை பேரும் அவரைப் பார்ப்பது போல இருந்தது. உண்மையில் யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் பிளெக்ஸில் இருந்த முகத்தையும், எதிரே நின்ற முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

“கிரேன் என் பொறுப்புங் சார்” என்றார் பூங்கோதை.

“உங்க படத்தை ரோட்டுல போறவன் பார்க்கணும்னு, இத்தனை பேர் தலைக்கு மேல கிரேனைப் பூட்டி வெச்சீங்களா? நீங்களா மேடம்? எனக்கே வாக்கி டாக்கியில பாடம் எடுத்த நீங்களா?”

பூங்கோதை தலையைக் குனிந்துகொண்டார்.

“குழந்தைங்க இருக்குதும்மா கீழே!”

“தப்புதானுங் சார்.”

வெள்ளியங்கிரி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது சொல்லலாம், இதோ இப்போது சொல்லலாம் என்று நினைத்தார். ஒவ்வொரு நொடி தள்ளிப் போகும்போதும் சொல்வது இன்னும் கனமாகிக்கொண்டே போனது. என்ஜினியர் திட்டி முடித்துவிட்டுப் போன் பேசப் போனார். சொல்ல வேண்டிய இடம் தாண்டிவிட்டது.

வெயில் கொளுத்தியது. பூங்கோதை கூட்டத்திலிருந்து தள்ளி, தனியாக நின்று கிரேனையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவர் பக்கத்தில் போகவில்லை. சின்னப்பொண்ணு என்கிற பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு, ஒரு கடையில் கேட்டு வாங்கிய மோரை எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தாள். வெள்ளியங்கிரியிடம் ஒரு டம்ளரை நீட்டினாள்.

“குடிண்ணே. லீவு நாளுன்னும் பார்க்காம ஓடியாந்து எங்க மாமனாரைத் தூக்கியாந்தியே. அந்தம்மா மூஞ்சியைக் காட்டிக்கப் போயி உனக்கும் சேர்த்து அலைச்சல்.”

வெள்ளியங்கிரி டம்ளரை வாங்கினார். குடித்தார். அன்றைக்கு அவர் செய்ததிலேயே கேவலமான காரியம் எது என்று பிற்பாடு யாராவது கேட்டிருந்தால், பிரேக்கைப் பூட்டியதைச் சொல்லியிருக்க மாட்டார். அந்த மோரைக் குடித்ததைத்தான் சொல்லியிருப்பார்.

திடீரென்று ஒரு பெருங்காற்று வந்தது. கம்பம் அசைவது கண்ணுக்கே தெரிந்தது. பெண்கள் கத்தினார்கள். பிளெக்ஸின் ஒரு மூலை அறுந்தது, பிறகு இன்னொன்று. முகம் நடுவில் கிழிந்து, பெரிய பாதி சாலைக்கு மேலே பறந்து போய் எங்கோ தூரத்து முள்காட்டில் விழுந்தது. கிரேனின் முனகல் குறைந்தது. அடங்கவில்லை.

அதன் பிறகும் நெடுநேரம் அப்படியேதான் நின்றார்கள்.

வெயில் சாயும் வேளையில் காற்று தணிந்தது. பூங்கோதை உடனே ஏறவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். ஆபீசில் இருந்த இன்னொரு காற்று மீட்டரையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு வெள்ளியங்கிரியைக் கூப்பிட்டார். இருவரும் ஏறினார்கள்.

கேபினில் பூங்கோதை உட்காரவில்லை. இருக்கையைக் காட்டினார்.

“அவுத்து உடுங்க.”

வெள்ளியங்கிரி பிரேக்கை அவிழ்த்தார். பூம் தயங்கியது போல ஒரு கணம் நின்று, பிறகு தானாகத் திரும்பிக் கிழக்கே போய் நின்றது. கொட்டகைகளுக்கு மேலிருந்து அது விலகிவிட்டது. எவ்வளவு சுலபமாக விலகியது என்று பார்த்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது.

“நான் போய்ச் சொல்லிடறேனுங் அம்மிணி.”

“என்னத்தை?”

“நாந்தான்னு.”

“அது உங்க இஷ்டங்ணா. கம்பியை நல்லாப் புடிச்சு எறங்குங்க.”

கீழே குடும்பங்கள் கொட்டகைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. வெள்ளியங்கிரி நேராக என்ஜினியரிடம் போனார். எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

“பிளெக்ஸ் கட்டுனது நானுங் சார். பூட்டுனதும் நாந்தான். அம்மிணி நேத்து மத்தியானமே கெளம்பிட்டாங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.”

ஜெயசீலன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“இதைச் சொல்றதுக்கு உனக்குச் சாயங்காலம் ஆச்சாய்யா?”

வெள்ளியங்கிரி தலையைக் குனிந்துகொண்டார்.

“நாளையிலேர்ந்து கிரேன் பக்கமே வராதே.”

பிறகு அவர் பூங்கோதையைப் பார்த்தார். அப்படியே திரும்பிக் காரை நோக்கிப் போய்விட்டார்.

சின்னப்பொண்ணு அங்கேதான் நின்றிருந்தாள். வெள்ளியங்கிரி அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது.

“எம் புள்ளையோட தூளி அந்த இரும்புக்கு நேர் கீழதான் கட்டியிருந்துச்சு” என்றாள். அவ்வளவுதான். குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வெள்ளியங்கிரிக்குப் பூமியில் எந்த இடத்தில் காலை வைப்பது என்று தெரியவில்லை. கேட்டுக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் பூங்கோதை உட்கார்ந்திருந்தார். வெள்ளியங்கிரி போய்க் கொஞ்சம் தள்ளி நின்றார்.

“உக்காருங்ணா.”

உட்காரவில்லை.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேனுங்க. கேக்கற யோக்கியதை இல்லை. இருந்தாலும் கேக்கறேன்.”

“கேளுங்க.”

“கட்டுனது நானு. பூட்டுனது நானு. அத்தனை பேத்துக்கு முன்னால நீங்க எதுக்குங் தலையைக் குனிஞ்சு நின்னீங்க? என்னையக் காப்பாத்தறதுக்குங்களா?”

“இல்லீங்ணா.”

“பின்னே?”

ஒரு பஸ் வந்து நின்றது. பூங்கோதை ஏறவில்லை. அது போன பிறகு சொன்னார்.

“நேத்துப் பொழுதோட சூலூர்ல இருந்து இந்த வழியாத்தான் பஸ்ஸுல வந்தேன். ஜன்னல் சீட்டு. காத்து அப்பவே இருந்துச்சு. மத்த கிரேனெல்லாம் கிழக்க திரும்பி நின்னுச்சு. நம்முளுது மட்டும் வடக்க நின்னுச்சு. சிக்னல்ல பஸ்ஸை நிறுத்திட்டான். நல்லாவே பார்த்தேன்.”

வெள்ளியங்கிரி அவரையே பார்த்தார்.

“பார்த்துமுங்களா ஒண்ணும் சொல்லாம போனீங்க?”

பூங்கோதை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“போட்டோ நல்லா வந்திருந்துச்சுங்ணா.”